பெரிய டீச்சர் பதில்கள்: மழை டெர்ம் ஒரு வழியா முடிஞ்சுது

அரையாண்டு பரீட்சை முடிஞ்சு ஸ்கூல பூட்டிட்டு வந்த கையோட உக்காந்து எழுதுறேன், அங்கங்க தூக்கக் கலக்கம் தெரிஞ்சா பொறுத்துக்கோங்க. புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வரி: கடலூர்ல கடல் சத்தம் கேக்குற தூரத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும், அங்க நான் ஹெச்.எம். பசங்களுக்கு, பசங்களோட அம்மாங்களுக்கு, வாசல்ல மாங்கா கீறி விக்கிற பாட்டிக்கு எல்லாருக்கும் நான் ‘பெரிய டீச்சர்’. இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல முக்காவாசி டெர்ம் முடியறத பத்தியே இருந்துச்சு, அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன். வெந்தயக் குழம்பு பக்குவம் கேட்ட சிதம்பரம் அம்மா கோச்சுக்க வேணாம் (அத எங்கிட்ட ஏன் கேட்டீங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியல).

கேள்வி: டெர்ம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் ஒரு ஹெச்.எம். என்னதான் பண்ணுவாங்க? நல்லா தூங்குவீங்களா?
- வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: சாவி எண்ணுவேன். ஜோக் இல்லீங்க, எங்க ஸ்கூல்ல மொத்தம் 23 சாவி, ஒவ்வொண்ணுலயும் துணி சுத்தி பேனாவால பேர் எழுதி வச்சிருப்போம், மழையில நனைஞ்சு நனைஞ்சு எல்லாம் அழிஞ்சு போயி இப்ப ‘லேப்’ எது ‘லேடீஸ் ஸ்டாஃப் ரூம்’ எதுன்னு தெரியாம ரெண்டுலயும் ‘லே’ மட்டும்தான் மிச்சம். அப்புறம் மோட்டார் ஸ்விட்ச், டேங்க் வால்வு, ஹைடெக் லேப்ல யூபிஎஸ், சத்துணவு ஸ்டோர்ல அரிசி மூட்டை பலகை மேலதான் இருக்கான்னு பாக்கணும், தரையில இருந்துச்சுன்னா லீவு முடிஞ்சு வர்றதுக்குள்ள எலி பேரன் பேத்தி எடுத்துடும். ஒரு வருஷம் ஆறாவது பி-ல ஃபேன ஆஃப் பண்ண மறந்துட்டு போயி, பத்து நாளும் அது பாட்டுக்கு ஆளில்லாத பெஞ்சுக்கு காத்து வீசிக்கிட்டு இருந்துச்சு.

கடைசியா கேட்ட பூட்டிட்டு திரும்புனா கடல் சத்தம் கேக்கும். அது வருஷம் முழுக்கத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு, முந்நூத்தி சொச்சம் புள்ளைங்க போடுற கூச்சல்ல எங்க காதுல ஏறாது, லீவு விட்ட அன்னிக்குத்தான் ஏறும். தூக்கமா? பதினோரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன்ம்மா, ராத்திரி ஒம்பதரைக்கு ஏதாச்சும் ஒண்ணுல ‘மிக அவசரம்’னு கண்டிப்பா வந்துடும்.

கேள்வி: என் தங்கச்சி பசங்க கோயம்புத்தூர்ல படிக்குதுங்க, அதுங்களுக்கு இவ்வளவு லீவு கெடையாது. இங்க லேசா தூறல் போட்டாலே லீவு. நீங்கெல்லாம் போர்ஷன் முடிக்கிறீங்களா, இல்ல கண்ண மூடிக்கிட்டு பரீட்சை வைக்கிறீங்களா?
- வாசகர், திருப்பாப்புலியூர்

பதில்: கோவமா கேட்டாலும் நியாயமாத்தான் கேட்டிருக்கீங்க. அவங்களுக்கும் நமக்கும் காலண்டர் ஒண்ணுதான் சார், வானம்தான் வேற. நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, வங்காள விரிகுடால எது கிளம்பினாலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுலதான் கரையேறுவேன்னு அதுக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. காலாண்டு லீவு முடிஞ்சு ரெண்டாம் பருவம் ஆரம்பிக்கிறது அக்டோபர்ல, முடியறது டிசம்பர்ல. கணக்கு போட்டு வச்ச மாதிரி அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது. எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரும் ரெண்டாம் டெர்ம்னு சொல்றதே இல்ல, மழை டெர்ம்தான்.

எங்க பசங்களுக்கு வானிலை அறிக்கையெல்லாம் தேவையில்ல, துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு கேட்டுக்குவாங்க. மொத்தம் பதினொண்ணு இருக்கு. ஒண்ணாம் நம்பர்னா ஹோம்வொர்க் எழுதுவாங்க. மூணுன்னா எழுதலாமா வேணாமான்னு பேனாவ கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுக்கு மேல போச்சுன்னா பை மூலைக்கு போயிடும். லீவு விடறது கலெக்டர், நான் இல்ல, இத எத்தன வருஷமா சொன்னாலும் காலங்காத்தால ஆறு மணிக்கு ‘டீச்சர் இன்னிக்கி ஸ்கூல் உண்டா இல்லியா’ன்னு போன் வர்றது என்னவோ எனக்குத்தான்.

2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல ஆறுல இருந்து எட்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரம் பாடம்னு போட்டிருக்கு. சட்டம் எழுதினவங்க ஊர்ல கூண்டு ஏத்த மாட்டாங்க போல. போன நாள ஈடு கட்ட சனிக்கிழமை ஸ்கூல் வைப்போம், சனிக்கிழமை பாதி பேர்தான் வருவாங்க, வராத பாதிக்காக திங்கக்கிழமை அதே பாடத்த திரும்ப எடுப்போம், சனிக்கிழமை வந்தவன் ‘இத முடிச்சாச்சு மிஸ்’னு கொட்டாவி விடுவான், ஆக மொத்தம் நாளும் ஈடு ஆகல பாடமும் ஈடு ஆகல ஆனா ரெஜிஸ்டர்ல கணக்கு மட்டும் சரியா இருக்கும்.

சில வருஷம் இந்த கணக்கெல்லாம் கூட ஒதவாது. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் அடிச்சப்ப நான் பண்ருட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல சாதாரண டீச்சர். பொங்கலுக்கு முன்னாடி ஸ்கூல் தொறந்து ‘லீவுல நான் செய்தது’ன்னு கட்டுரை எழுத சொன்னேன், பழக்க தோஷம். பாதி க்ளாஸ் ஒரே விஷயத்ததான் எழுதியிருந்துச்சு, பலா மரம் சாஞ்சது, முந்திரி தோப்பு சாஞ்சது. ஒரு பொண்ணு ‘எங்க தாத்தாவோட அப்பா வச்ச மரம்’னு ஒரே ஒரு வரி எழுதிட்டு நோட்ட மூடி குடுத்துட்டா. அதுக்கு மார்க் போட எனக்கு கை வரல.

2024-ல ஃபெஞ்சல். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரைய கடந்துச்சு, காத்த கூட சமாளிச்சிட்டோம், அதுக்கப்புறம் சாத்தனூர் அணையில தொறந்து விட்ட தண்ணி தென்பெண்ணையில வந்து உப்பலவாடி பக்கமெல்லாம் பூந்துச்சு பாருங்க, அதான் அடி. எங்க ஸ்கூல் முகாம் ஆயிடுச்சு. ஏழாவது ஏ ரூம்ல நாலு குடும்பம், தரையில சாக்பீஸால கோடு கிழிச்சு இது உன் வீடு இது என் வீடுன்னு பிரிச்சுக்கிட்டாங்க, அந்த கோட்ட மிதிக்காம சின்னப் புள்ளைங்க தாண்டி தாண்டி போனது இப்பவும் கண்ணுல நிக்குது. போர்டுல யாரோ பாதி போட்ட பின்னக் கணக்கு இருந்துச்சு, அதுல ஒரு பாட்டி யாரையும் கை வைக்க விடல, ‘புள்ளைங்க எழுதினது டீச்சரு, வந்து முடிச்சிக்கும்’னாங்க. அவங்கெல்லாம் வீட்டுக்கு போனப்புறம் ப்ளீச்சிங் பவுடர் போட்டு கழுவி விட்டோம், போர்டு மட்டும் அப்படியே இருந்துச்சு. கணக்கு தப்பு, அது வேற விஷயம். அந்த வருஷம் நம்ம மாவட்டத்துக்கு அரையாண்டு பரீட்சையவே ஜனவரிக்கு தள்ளி வச்சாங்க.

இப்ப போர்ஷனுக்கு வர்றேன். முடிக்கிறோம் சார். எங்கேருந்து நேரம் எடுத்துன்னு கேட்டா, பி.இ.டி. பீரியட கணக்கு டீச்சர் கடன் வாங்குவாங்க, ஓவிய பீரியட சயின்ஸ் வாங்கும், லைப்ரரி பீரியட எவன் கேட்டாலும் தூக்கி குடுத்துடுவோம், அந்த கடன யாரும் திருப்பி குடுத்ததா சரித்திரமே கெடையாது. இந்த டெர்ம்ல எட்டாவது பசங்க கடைசியா கிரவுண்டுல வெளாண்டது எப்பன்னு ரெஜிஸ்டர்ல தேடிப் பாத்தேன், நவம்பர் முதல் வாரம். கடன் குடுக்க கையெழுத்து போட்டது நான்தான். நீங்க திட்டறதா இருந்தா லீவுக்கு திட்டாதீங்க, இதுக்கு திட்டுங்க.

கேள்வி: மிஸ், மழை பெஞ்சா நாங்க டிவி முன்னாடி உக்காந்து லீவு விடணும்னு சாமிய வேண்டிக்குவோம். டீச்சருங்களும் வேண்டிக்குவீங்களா?
- எட்டாம் வகுப்பு மாணவி, பண்ருட்டி

பதில்: ஆமாண்டா கண்ணு. ஆனா லீவு விட்டதும் சனிக்கிழமை ஞாபகம் வந்து வேண்டுதல வாபஸ் வாங்கிக்குவோம்.

கேள்வி: பையன் பத்தாவது. அரையாண்டுல மத்ததெல்லாம் சுமாரா எடுத்துட்டு அறிவியல்ல மட்டும் 75-க்கு 24. டியூஷன் சேக்கலாமா, இல்ல இப்பவே வேற ஸ்கூலுக்கு மாத்திடலாமான்னு வீட்ல தெனமும் சண்டை. போன ஒளிச்சு வச்சிட்டேன்.
- ஒரு அப்பா, நெல்லிக்குப்பம்

பதில்: போன் எங்க இருக்குன்னு அவனுக்கு தெரியும் சார், அத விடுங்க. ஸ்கூல் மாத்தற பேச்ச இன்னியோட நிறுத்துங்க, பொதுத்தேர்வுக்கு பேர் பட்டியல் போற நேரத்துல எந்த ஹெச்.எம்.மும் சந்தோஷமா டிசி குடுக்கவும் மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்க, பையன் அலைஞ்சு நொந்து போவான்.

மொதல்ல அந்த 24 எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா? ரேங்க் கார்ட பாத்து சண்டை போடுற வீடு நூறு இருந்தா விடைத்தாள வாங்கிப் பாக்குற வீடு ரெண்டு கூட இருக்காது. பேப்பர வாங்கிட்டு வர சொல்லுங்க, பக்கத்துல உக்காருங்க, திட்டாம. அறிவியல் பேப்பர்ல ஒரு மார்க் கேள்வி 12, ரெண்டு மார்க் ஏழு எழுதணும், நாலு மார்க் ஏழு, கடைசியா ஏழு மார்க் கேள்வி மூணு, எல்லாம் கூட்டினா 75. இதுல அவன் எழுதி தப்பானது எவ்வளவு, தொடாமலே விட்டது எவ்வளவு, அத மட்டும் எண்ணுங்க. ரெண்டும் வேற வேற நோய், ஒரே மருந்து கெடையாது.

போன வருஷம் எங்ககிட்ட ஒருத்தன் இதே மாதிரி இருவது சொச்சம் எடுத்தான். பேப்பர பிரிச்சா, ரெண்டு மார்க் கேள்வி ஒவ்வொண்ணுக்கும் முக்கால் பக்கம் எழுதி வச்சிருக்கான், படம் வரைஞ்சு கலர் வேற அடிச்சிருக்கான், ஏழு மார்க் கேள்விக்கு வரும்போது பெல் அடிச்சிட்டாங்க. அவனுக்கு தேவைப்பட்டது டியூஷன் இல்ல, ஒரு கைக்கடிகாரம். பசங்க கடிகாரம் கட்டறதே இல்ல இப்ப. ஒரு மார்க் கேள்வி பன்னெண்டுல உங்க பையன் எத்தன சரின்னு பாருங்க, அதுல பாதி கூட இல்லன்னா தெனம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பாடத்துக்கு பின்னாடி இருக்குற கேள்விங்கள நீங்களே வாய்விட்டு கேளுங்க, உங்களுக்கு அறிவியல் தெரியணும்னு அவசியமில்ல, விடை புக்லயே இருக்கு. செய்முறைக்கு 25 மார்க் தனியா இருக்கு, ரெக்கார்டு நோட்ட முடிச்சிட்டானான்னும் பாத்துக்கோங்க, பாதி பேர் அதுல கோட்ட விடுவாங்க. லீவு முடிஞ்சதும் திருப்புதல் தேர்வு வரிசையா வரும், ரெண்டாவது திருப்புதல்லயும் இதே 24 வந்தா அப்ப எனக்கு திரும்ப எழுதுங்க, டியூஷன பத்தி அப்ப பேசலாம்.

கேள்வி: நாங்க புதுச்சேரி. இங்க அரசு பள்ளியெல்லாம் சிபிஎஸ்இ ஆயிடுச்சு, பொண்ணு ஏழாவது, ரொம்ப திணறுறா. கடலூர்ல எங்க அம்மா வீடு இருக்கு, அங்க கொண்டாந்து சேத்துடலாமா?
- வாசகி, அரியாங்குப்பம்

பதில்: சேக்கலாம், ஆனா நடு வருஷத்துல வேணாம். முன்னாடி எல்லாம் புதுச்சேரி காரைக்கால்ல நம்ம தமிழ்நாட்டு பாடத்திட்டம்தான், மாஹேக்கு கேரளா, ஏனாமுக்கு ஆந்திரா, அதனால ஆத்த தாண்டி இங்க வந்தாலும் அதே புக்குதான் இருக்கும். இப்ப அப்படி இல்ல. பாதியில வந்தா அங்க படிச்சதும் இங்க கேக்குறதும் ஒட்டாது, பொண்ணு ரெண்டு மடங்கு திணறும். வருஷம் முடியட்டும். அதுக்குள்ள அவ எதுல திணறுறான்னு க்ளாஸ் டீச்சர பாத்து கேளுங்க, பெரும்பாலும் இங்கிலீஷ்ல வாசிக்கிறதுலதான் இருக்கும், பாடத்துல இருக்காது. அம்மா வீடுன்னு சொன்னீங்களே, உங்களுக்கு வரணும்னு ஆசையா பொண்ணுக்கு ஆசையான்னும் ஒரு தடவ யோசிச்சுக்கோங்க (தப்பா எடுத்துக்காதீங்க).

கேள்வி: லீவுக்கு ஹோம்வொர்க் குடுத்தீங்களா மேடம்?
- வாசகர், வடலூர்

பதில்: பத்தாவதுக்கு மட்டும். மத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, பெரியவங்க இல்லாம சில்வர் பீச்சுல தண்ணில எறங்கக்கூடாது, கெடிலத்துலயும் தென்பெண்ணையிலயும் மணல் அள்ளின பள்ளம் மேல இருந்து பாத்தா தெரியாதுன்னு பிரேயர்ல மூணு தடவ சொன்னேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயித்துக்கிழமை. தேவனாம்பட்டினம் பக்கம் இருக்குறவங்களுக்கு இதுக்கு மேல வெளக்கம் தேவைப்படாது. அதுக்கப்புறம் பொறந்த புள்ளைங்களுக்குத்தான் கடல்னா செல்ஃபி எடுக்குற எடம்.

கேள்வி: எமிஸ்ல (அதான், ஸ்கூல் விவரமெல்லாம் பதியற கல்வித்துறை ஆப்) அட்டெண்டன்ஸ் ஏத்து, போட்டோ ஏத்து, பயிற்சிக்கு லாகின் பண்ணு, நெட் இல்லன்னா மொட்டை மாடிக்கு ஓடு. பாடம் நடத்தவே விட மாட்டேங்குறாங்க. ஹெச்.எம்.மா இருக்குற நீங்கெல்லாம் வாய் தொறந்து கேக்க மாட்டீங்களா?
- பட்டதாரி ஆசிரியர், விருத்தாசலம்

பதில்: கேட்டிருக்கோம் சார், மீட்டிங்ல. ‘மனு குடுங்க’ன்னாங்க, குடுத்தோம், அந்த மனுவையும் ஸ்கேன் பண்ணி ஏத்த சொன்னாங்க.

நீங்க சொல்ற எரிச்சல்ல எனக்கு பங்கு இல்லன்னு சொன்னா பொய். காலையில பத்து மணிக்குள்ள எல்லா க்ளாஸ் வருகையும் ஏறலன்னா எனக்கு போன் வரும், நான் ஸ்டாஃப் ரூம்ல போயி கத்துவேன், அவங்க நெட்ட திட்டுவாங்க. ஆனா ஒண்ணு, அந்த ஆப் தப்பா எதுவும் சொல்லல, சொன்னத நாமதான் படிக்கல. இந்த டெர்ம்ல எனக்கு அது நல்லா ஒறைச்சுது. அடுத்த கேள்வி அதத்தான் கேக்குது, அதுலயே சொல்லிடுறேன்.

கேள்வி: இந்த டெர்ம்ல ‘அய்யோ, இத விட்டுட்டோமே’ன்னு நீங்க நெனச்சது உண்டா?
- வாசகி, வில்லியனூர்

பதில்: உண்டு. எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பேர் ஊர் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஏழாவதுல ஒரு பையன். அக்டோபர்ல ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு வரிசைய பாத்துக்கிட்டு நிக்கிறேன், இவன் முட்டைய வாங்கினான், சாப்பிடல, சுத்தி முத்தி பாத்துட்டு ஜாமெட்ரி பாக்ஸ தொறந்து அதுக்குள்ள வச்சு மூடப் பாக்குறான். மூடுமா அது? அமுக்கி மூடினதுல காம்பஸ் முனை குத்தி முட்டை ரெண்டா போச்சு, மஞ்சக்கருவெல்லாம் ஸ்கேல்ல. வீட்ல மூணு வயசு தங்கச்சி இருக்காம். நான் ஏதோ சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள சமைக்கிற ஆயா வந்து ஒரு வாழை இலைய கிழிச்சு அதுல பொதிஞ்சு குடுத்துட்டு, ‘டப்பால வக்காதடா, நாளைலேருந்து எங்கிட்ட கேளு’ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அன்னிலேருந்து ஆயாவுக்கு அவன் பேரு ‘டப்பா பையன்’.

நவம்பர்ல மழை லீவு வரிசையா வந்துச்சா, ஸ்கூல் தொறந்து மூடி தொறந்து மூடி, அந்த கேப்ல அவன் வரல. க்ளாஸ் டீச்சர் பயிற்சிக்கு போயிருந்தாங்க, ஆளாளுக்கு ஒரு நாள்னு மாத்தி மாத்தி அந்த க்ளாஸுக்கு வருகை எடுத்தாங்க, ஒவ்வொரு டீச்சருக்கும் அவன் இன்னிக்கு ஒரு நாள் வராத பையன், அவ்வளவுதான். யாருக்கும் அது பதினாறாவது நாள்னு தெரியல. ஆப்ல பதினாறு நாளும் ஆப்சென்ட்டுன்னு ஒழுங்கா ஏறியிருக்கு, நான் தெனம் காலையில ‘எல்லா வகுப்பும் பதிவு முடிஞ்சது’ன்னு வர்றத பாத்து அப்பாடான்னு போன கீழ வச்சிருக்கேன். பதிவு முடிஞ்சதான்னு பாத்தேனே தவிர உள்ள யாரு இல்லன்னு ஒரு நாள் தொறந்து பாக்கல. பரீட்சை டைம்டேபிள், கொஸ்டின் பேப்பர் கட்டு, ஒழுகுற ரூம மாத்தி பெஞ்சு போடறதுன்னு ஓடிக்கிட்டே இருந்தேன், இதெல்லாம் சாக்குதான்.

ஒரு நாள் ஆயா என் ரூமுக்கு வந்தாங்க. பொதுவா அவங்க உள்ள வர மாட்டாங்க, வாசல்லயே நின்னு பேசிட்டு போயிடுவாங்க. ‘பெரிய டீச்சரு, அந்த டப்பா பையன் எங்க? நான் தெனம் இலை கிழிச்சு வச்சிக்கினே கீறேன், வாங்க ஆளக் காணோம்’னாங்க.

அன்னிக்கு சாயங்காலம் வீட்ட விசாரிச்சுக்கிட்டு போனேன். அஞ்சு மணி, பையன் தூங்கிக்கிட்டு இருக்கான். அவங்கப்பா ஃபைபர் படகுல கூலிக்கு போறவர், வழுக்கி விழுந்து கையில மாவுக்கட்டு. பையன் ராத்திரி மூணு மணிக்கு மாமா கூட துறைமுகத்துக்கு போயி ஐஸ் ஒடைச்சு பாக்ஸ்ல போடறானாம். அவன் உள்ளங்கைய பாத்தேன், ரொம்ப நேரம் தண்ணில ஊறின மாதிரி வெளுத்து தோல் உரிஞ்சு இருந்துச்சு. 14 வயசுக்கு கீழ புள்ளைங்கள எந்த வேலைக்கும் வைக்கக்கூடாதுன்னு 2016-லயே சட்டத்த திருத்தியாச்சு, அத சொல்லிட்டு வரலாம்னுதான் கிளம்பி போனேன். சொன்னேன். அந்த அம்மா ‘சரிங்க டீச்சரு’ன்னு டீ போட்டு குடுத்தாங்க. டம்ளர வாங்கிக்கிட்டு என்ன பேசறதுன்னு எனக்கு தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே ‘கட்டு பிரிக்கிற வரிக்குந்தான் டீச்சரு, இன்னா பண்ண சொல்றீங்க’ன்னாங்க.

நம்ம பள்ளி மேலாண்மைக் குழு தலைவியும் அதே தெரு, அவங்க புள்ளையும் எங்க ஸ்கூல்தான், அவங்க போயி மாமன்கிட்ட நான் பேச முடியாத பாஷையில பேசினாங்க. பரீட்சைக்கு வந்தான். மொத ரெண்டு பேப்பர் போயிடுச்சு, மிச்சம் மூணும் எழுதினான். சமூக அறிவியல் அன்னிக்கு பேப்பர் மேல தலைய வச்சு தூங்கிட்டான், எழுப்பப் போன டீச்சர நான் கைய காட்டி நிறுத்திட்டேன், பத்து நிமிஷம் கழிச்சு நானே போயி எழுப்பினேன். அது சரியான்னு கேக்காதீங்க.

அதுக்கப்புறம் ஒரு பழைய நோட்ட எடுத்து வச்சிருக்கேன். தெனம் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் ஆயா வந்து இன்னிக்கு யார் யார காணோம்னு சொல்லுவாங்க, பேர் சொல்ல தெரியாது அவங்களுக்கு, ‘மொளகா தொட்டுக்கிற பொண்ணு’, ‘சோறு கொஞ்சம்னு கேக்குறவன்’, ‘ரெட்டப் புள்ளைல பெருசு’ன்னு சொல்லுவாங்க, நான் எழுதிக்கிட்டு க்ளாஸ் க்ளாஸா போயி அது யாருன்னு கண்டுபிடிக்கணும். விருத்தாசலம் சார், இத எந்த ஆப்லயும் ஏத்த வேணாம், நீங்க தைரியமா செஞ்சு பாக்கலாம்.

கேள்வி: நான் பி.எட். படிக்கிறேன் மேடம். லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்குற அன்னிக்கு ஒரு ஹெச்.எம்.க்கு முதல் வேலை என்னவா இருக்கும்?
- வாசகி, சிதம்பரம்

பதில்: டேங்க் கழுவறது. சிரிக்காதீங்க, பி.எட்.ல இத சொல்லித்தர மாட்டாங்க. பத்து நாள் நின்ன தண்ணிய தொறந்து விட்டுட்டு ஏழரைக்கெல்லாம் மோட்டார் போட்டாத்தான் பிரேயருக்குள்ள குழாய்ல தண்ணி வரும். அப்புறம் ஆறாவது ஏழாவதுக்கு மூணாம் பருவ புக்கு குடுக்கணும். கட்டெல்லாம் வந்து எறங்கி என் ரூம் மூலையிலதான் இருக்கு, ஈரம் படாம தார்ப்பாய் போட்டு வச்சிருக்கேன்.

ஏழாவதுக்கு எண்ணினப்ப ஒரு செட்ட மட்டும் தனியா எடுத்து என் பீரோல வச்சு பூட்டிட்டேன், க்ளாஸ்ல வச்சு குடுக்காம நானே கூப்ட்டு குடுக்கலாம்னு. மாவுக்கட்ட பொங்கலுக்குள்ள பிரிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க, ஸ்கூல் அதுக்கு முன்னாடியே தொறந்துடும், நடுவுல இருக்குற அந்த சில நாள்தான் எனக்கு உதறலா இருக்கு. கடைசி நாள் கிளம்பும்போது ஆயாகிட்ட, தொறக்குற அன்னிக்கே ஒரு இலை கிழிச்சு வச்சிடுங்கன்னு சொன்னேன். பாத்திரத்த கவுத்து வச்சிக்கிட்டே ‘இத நீ சொல்லணுமா’ன்னாங்க.